இணைய மாநாட்டுக்கு வந்தவர்களைப் பேச்சில் சேர்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "எங்கள் தன்னார்வலர் குழு டிசம்பரில் இரண்டு நாள் இணைய மாநாடு நடத்துகிறது. கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) பற்றிய தமிழ் உரைகள். போன வருடம் 140 பேர் பார்த்தார்கள். கேள்வி கேட்டவர்கள் நான்கே பேர். அதிலும் மூன்று பேர் எங்கள் குழு ஆட்கள். இந்த முறை வருகிறவர்களை விவாதத்துக்குள் கொண்டுவர என்ன செய்யலாம்?"

நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம், அதனால்தான் பேசுவதில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அதே ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினோரு மணிக்கு நாற்பது செய்தி போடுகிறார்கள். வாய் இருக்கிறது, சொல்ல விஷயமும் இருக்கிறது. பேசும் இடம் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை, தெரிந்தாலும் போகிற வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறார்கள். சில வருடங்களாக இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் நான் பார்ப்பது வாசல் வேலை. உள்ளே வர முடியாமல் தவிப்பவரை உள்ளே கூட்டிவருவது, கேள்வியைக் கையில் வாங்கிப் பேச்சாளரிடம் சேர்ப்பது, அவ்வளவுதான். அந்த வாசலில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 140 பேர் எதில் பார்த்தார்கள் என்று யோசியுங்கள். யூடியூப் நேரலையில் பார்த்து, பேச்சாளரும் நெறியாளரும் மட்டும் ஜூமில் இருந்தார்கள் என்றால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

நான் முதன்முதலில் தன்னார்வலராக நின்ற ஒரு கருத்தரங்கில் நடந்தது இது. உரை முடிந்தது. நெறியாளர் "கேள்விகள் இருக்கிறதா?" என்று கேட்டார். பத்து விநாடி காத்திருந்தார். திரையில் அமைதி. "சரி, கேள்வி இல்லை போலிருக்கிறது, நன்றி" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார். அரை நிமிடம் கழித்து யூடியூப் சாட்டில் கேள்விகள் வரிசையாக வந்து விழுந்தன. எண்ணிப் பார்த்தேன், ஏழு. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு "கேள்விகள் இருக்கிறதா" என்ற குரலே அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் மேடை மாறிவிட்டது.

நேரலை தாமதமாகப் போவது யாருடைய தவறும் இல்லை. காணொலியைச் சில விநாடி நீளத் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். நேரலைக்குப் பரவலாகப் பயன்படும் எச்.எல்.எஸ். என்ற முறையில், அதை உருவாக்கிய ஆப்பிள் பரிந்துரைப்பது 6 விநாடித் துண்டு. பார்ப்பவரின் கருவி இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும். அங்கேயே கிட்டத்தட்ட இருபது விநாடி போயிற்று. ஜூம், ஜிட்சி போன்ற காணொலி அழைப்புகளில் குரல் ஒரு விநாடிக்குள் போய்விடுவதால் உள்ளே இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி உறைப்பதே இல்லை. யூடியூபில் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அதை ரொம்பக் குறைத்தால் பலவீனமான மொபைல் இணைப்பில் பார்ப்பவருக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும். கிராமத்தில் இருந்து பார்ப்பவரை இழப்பதற்குப் பதில் தாமதத்தோடு வாழப் பழகலாம்.

பழகுவது என்றால் இப்படி. உரை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே "கேள்விகளை இப்போதே எழுத ஆரம்பியுங்கள்" என்று திரையில் ஒரு வரி ஓடட்டும். உரை முடிந்ததும் நெறியாளர் தன்னிடம் இருக்கும் ஒரு கேள்வியைக் கேட்டு இரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும். அதற்குள் வெளியே இருந்து கேள்விகள் வந்துவிடும். வரவில்லை என்றால் இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு நெறியாளர் கையிலும் உரைக்கு மூன்று கேள்வி தயாராக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள். ஒன்று கட்டாயம் மிக எளிய கேள்வியாக இருக்கட்டும். "இதை என் பழைய மடிக்கணினியில் ஓட்ட முடியுமா?" என்ற தரத்தில். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

அந்த முதல் கேள்வியை யார் கேட்கிறார் என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2018இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 10 நாடுகளில் 35 கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 250 கருத்தரங்குகளில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். அவையில் இருந்த ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சமம், ஆனால் ஒரு பெண்ணைவிட ஓர் ஆண் கேள்வி கேட்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. முதல் கேள்வி ஆணிடம் இருந்து வந்த கருத்தரங்குகளில் பெண்களின் கேள்விகள் இன்னும் குறைந்தன. அது நேரில் நடந்த கருத்தரங்குகளைப் பற்றியது, இருந்தாலும் இணையத்தில் நான் பார்த்ததும் அதேதான். முதலில் கேட்பவர் உங்கள் குழுவின் மூத்த நிரலாளராக இருந்து, பேச்சாளரையே திருத்துகிற தொனியில் கேட்டால், புதிதாக வந்த கல்லூரிப் பெண் தட்டச்சு செய்ததை அழித்துவிட்டுப் போய்விடுவார். குழுவின் பெரிய தலைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: முதல் இரண்டு கேள்வி உங்களுடையது இல்லை, பொறுங்கள் என்று. கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அன்று நேரக் கணக்கு பார்க்கும் வேலையைக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, கேள்வியை எங்கே எழுதுவது. சாட்டில் எழுதச் சொல்வதுதான் வழக்கம். சாட் நல்ல இடம்தான், ஆனால் அது ஓடுகிற ஆறு. "மதுரையிலிருந்து வணக்கம்", "ஆடியோ கேட்கவில்லை", "அருமை அருமை" என்று போய்க்கொண்டே இருக்கும்போது நல்ல கேள்வி ஒன்று மேலே போய் மறைந்துவிடும். ஜூம், கூகுள் மீட் இரண்டிலும் தாமதமாக வருபவருக்குத் தான் வருவதற்கு முன் ஓடிய சாட் பல நேரம் தெரியாது என்பது இன்னொரு தொல்லை. அதனால்தான் இமேக்ஸ்கான்ஃப் மாதிரியான மாநாடுகள் ஒவ்வொரு உரைக்கும் ஒரு ஈதர்பேட் பக்கம், அதாவது பலரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணையப் பக்கம், திறந்து வைக்கின்றன. இமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பானின் பயனர்கள் 2019 முதல் வருடாவருடம் இணையத்திலேயே நடத்தும் மாநாடு அது. நீங்கள் செய்யப்போவதற்கு மிக நெருக்கமான முன்மாதிரியும் அதுதான், ஏனென்றால் அங்கேயும் எல்லாம் தன்னார்வலர்கள், எல்லாம் கட்டற்ற மென்பொருள்.

அவர்கள் செய்வது எளிது. காணொலி ஓடும் பக்கத்திலேயே மூன்று வழி இருக்கும். கேள்வியை எழுதிவைக்க ஈதர்பேட், அரட்டை அடிக்க ஐ.ஆர்.சி. என்ற பழைய எழுத்து அரட்டை முறை, குரலில் பேச பிக்ப்ளூபட்டன் என்ற காணொலி அழைப்பு அறை. ஈதர்பேடுக்குக் கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், திறந்தால் எழுதலாம். ஐ.ஆர்.சி. என்றதும் பயப்படாதீர்கள், அதையும் உலாவியிலேயே ஒரு சொடுக்கில் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். யார் எங்கே எழுதினாலும் நெறியாளர் அதை எடுத்து உரக்க வாசிக்கிறார். பேச்சாளர் பதில் சொல்கிறார். பேச விரும்புகிறவர் அறைக்குள் வந்து நேரடியாகவே கேட்கலாம். வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருப்பதால் பேச முடியாதவரும், மைக் இல்லாதவரும், கூட்டத்தில் வாயே திறக்காத சுபாவம் உள்ளவரும் அவரவருக்கு ஏற்ற வாசல் வழியாக ஒரே உரையாடலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

பெல்ஜியத்தின் பிரஸல்ஸ் நகரில் வருடந்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு, 2021 பிப்ரவரியில் முழுக்க இணையத்துக்கு வந்தபோது செய்ததும் யோசிக்க வேண்டிய ஏற்பாடு. உரைகளை முன்பே பதிவு செய்து வாங்கிக்கொண்டார்கள். அது ஓடும்போது பேச்சாளர் சும்மாதானே இருக்கிறார்? அவர் மேட்ரிக்ஸ் என்ற அரட்டைச் சேவையின் அறையில் உட்கார்ந்து உடனுக்குடன் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் பிடித்த கேள்விக்குக் கட்டைவிரல் குறி போட, அதிகக் குறி வாங்கிய கேள்விகள் நெறியாளருக்கு முன்னால் பட்டியலாக வந்தன. உரை முடிந்ததும் நேரலையில் பதில். அதற்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் பேச்சாளர் இருந்த அதே ஜிட்சி அறையின் கதவு எல்லோருக்கும் திறந்தது. விருப்பமுள்ளவர்கள் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரில் நடக்கும் மாநாட்டில் மேடையிலிருந்து இறங்கும் பேச்சாளரை நான்கு பேர் சூழ்ந்து நிற்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். என்னைக் கேட்டால் இணைய மாநாட்டில் உண்மையான பேச்சு அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கிறது. அறையை மூடாமல் விடுவதற்குச் செலவும் ஒன்றும் இல்லை. தமிழ் உரைகளை முன்பதிவாக வாங்குவதில் இன்னொரு லாபம், மின்வெட்டு வந்தால் உரை நிற்காது.

சரி, இதையெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி வாசல் வேலை. ஒவ்வொரு அமர்வுக்கும் நெறியாளர் தவிர, கேள்விகளைச் சுமந்து வருவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். யூடியூப் சாட், ஜூம் சாட், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே கேள்வி வந்தாலும் எடுத்து, ஈதர்பேட் மாதிரி நீங்கள் திறந்து வைத்த பொதுப் பக்கத்தில் ஒட்டுவார், கேட்டவர் பெயரோடு. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினாலும் கேட்டு எழுதுவார். "தயவுசெய்து ஈதர்பேடில் கேளுங்கள்" என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. திருப்பி அனுப்பினால் பத்தில் எட்டுப் பேர் போக மாட்டார்கள், இது என் வாசல் கணக்கு. நெறியாளரே இதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பேச்சையும் கேட்டு, நேரத்தையும் பார்த்து, நான்கு இடத்தில் சாட்டையும் படிக்க ஒருவரால் முடியாது.

மொழி பற்றியும் அந்த ஆளிடம் சொல்லிவையுங்கள். தமிழ்99 விசைப்பலகை வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவார்கள். அதைத் திருத்தும் இடம் இது இல்லை. அப்படியே வாங்கி, பொதுப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் மாற்றி ஒட்டுங்கள். கைபேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதி இருப்பதையும் அறிவிப்பில் ஒரு வரி சொன்னால் வயதானவர்களுக்கு உதவும்.

உள்ளே வருவதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எப்போதும் அதே நான்கைந்துதான். உலாவி முதல்முறை மைக் அனுமதி கேட்கும்போது பயந்து "தடு" என்று அழுத்திவிடுவார்கள். பிறகு எத்தனை முறை வந்தாலும் உலாவி கேட்கவே கேட்காது. முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டி மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே லிங்க் திறந்தால் மைக் வேலை செய்யாமல் போவதுண்டு, குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறக்கச் சொல்லுங்கள். பிக்ப்ளூபட்டனில் நுழைந்ததும் "மைக்கா, கேட்பது மட்டுமா?" என்று ஒரு கேள்வி வரும். எதற்கு வம்பு என்று பலரும் கேட்பதை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பேச வேண்டும் என்றதும் எங்கே அழுத்துவது என்று தேடுவார்கள். ஒலியைத் துண்டித்து மைக்கோடு மறுபடி சேர வேண்டும். மைக்கைத் தேர்ந்தெடுத்தவருக்கு எதிரொலிச் சோதனை வரும், தன் குரலே திரும்பக் கேட்கிறதா என்று. அங்கே "ஆம்" அழுத்தாமல் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜூமில் வேறு மாதிரி. "வெபினார்" என்ற வகையை எடுத்தால் பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, நீங்கள் அனுமதித்தால்தான் பேசலாம். நிர்வாகத்துக்கு வசதி, உரையாடலுக்கு விரோதி. 140 பேருக்குச் சாதாரண மீட்டிங்கே போதும், ஆனால் இலவசக் கணக்கில் 100 பேரும் 40 நிமிடமும்தான் எல்லை, கவனியுங்கள். வருபவர்கள் பெயர் "ரெட்மி நோட்", "கேலக்ஸி" என்று இருக்கும். "ரெட்மி நோட் அவர்களே, பேசுங்கள்" என்று கூப்பிட்டால் யார் பேசுவார்? பெயர் மாற்ற முதல் நிமிடத்திலேயே சொல்லிக்கொடுங்கள். கை தூக்க விண்டோஸ் கணினியில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தலாம். போன் எண்ணில் அழைத்துச் சேர்ந்தவர் நட்சத்திரம் 9 அழுத்தினால் கை தூக்குவது, நட்சத்திரம் 6 அழுத்தினால் மியூட்டை எடுப்பது. ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்ட் முதல் அறையைத் தொடங்குபவர் கூகுள் போன்ற ஏதாவது ஒரு கணக்கில் நுழைய வேண்டும். காலையில் எல்லோரும் வாசலில் நிற்க, திறக்கும் ஆள் குளித்துக்கொண்டிருக்கக் கூடாது.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர்கள் வந்தால் சாட் ஒரு தலைவலி என்பதை அவர்களில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு செய்தி விழும்போதும் பேச்சாளரின் குரல் மேலேயே அது வாசிக்கப்படும். உரை நடக்கும்போது "அருமை"களைக் குறைக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. திரையில் காட்டுவதை வாயாலும் சொல்லும்படி பேச்சாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு குழுவாகப் பிரித்துவிடும் பிரேக்அவுட் அறைகள் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக நடந்தால் அதைப் போல ஒன்று இல்லை, மோசமாக நடந்தால் ஐந்து பேர் ஐந்து நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு வருவார்கள். குருட்டாம்போக்கில் பிரிக்காதீர்கள். அறைக்குத் தலைப்பு வையுங்கள், "தமிழ் எழுத்துரு", "பள்ளியில் லினக்ஸ்" என்று. அவர்களே தேர்ந்தெடுத்துப் போகட்டும், ஜூமில் அந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் பேச்சைத் தொடங்கி வைக்க உங்கள் ஆள் ஒருவர், குறைந்தது இருபது நிமிடம். அதற்கு ஆள் இல்லையென்றால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

நேரம் பற்றி ஒரு சொல். தமிழ் மாநாடு என்றால் பார்ப்பவர்கள் நான்கு கண்டத்தில் இருப்பார்கள். டிசம்பரில் சென்னையில் மாலை 6:30 என்றால் யாழ்ப்பாணத்திலும் அதே நேரம், சிங்கப்பூரில் இரவு 9, லண்டனில் மதியம் 1, டொராண்டோவில் காலை 8, சிட்னியில் நள்ளிரவு. விவாதம் நடக்கும் அமர்வுகளை இந்த நேரத்தை ஒட்டி வைத்து, வெறும் உரைகளைக் காலைக்குத் தள்ளலாம். சிட்னிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர்களுடைய கேள்விகளை முந்தைய நாளே பொதுப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தூங்கும்போது நெறியாளர் அதை வாசித்தால், எழுந்ததும் பதிவில் தங்கள் பெயரைக் கேட்பார்கள். நேரம் போதாமல் விடுபட்ட கேள்விகளைப் பேச்சாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்கி, உரையின் காணொலிக்குக் கீழேயே போடுங்கள். இமேக்ஸ்கான்ஃபில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். போன வருடக் கேள்விக்குப் பதில் கிடைத்தவர் அடுத்த வருடம் முன்வரிசையில் இருப்பார்.

அப்புறம், ஒரு வாரத்துக்கு முன் ஒத்திகை. பேச்சாளர்களோடு வைக்கும் ஒத்திகையை எல்லோரும் செய்வார்கள், நான் சொல்வது பார்வையாளர் ஒத்திகை. மாநாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் லிங்கை மட்டும் அனுப்பி, அவர் கைபேசியில் உள்ளே வந்து ஒரு கேள்வி கேட்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், எங்கே நிற்கிறார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கு என் அத்தையை உட்கார வைத்தேன். "சேர" என்ற பொத்தானுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. அதற்கு மேலே பெரிதாக இருந்த நன்கொடையாளர் படத்தைத்தான் கதவு என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அன்று இரவே படத்தைப் பக்கத்தின் அடியில் இறக்கினோம்.